ஊமைப் படத்தை நாம் எப்படிப் பார்ப்பது?

(ஜூபிலி வாரத்தில், திரைப்படக் காட்சிக்கு முன் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



இன்னும் சற்று நேரத்தில் நாம் காண இருப்பது பேசாத படம். பிரான்சு தேசத்துப் பாத்தே கம்பெனியார் 1902 முதல் 1905 வரை சிறிது சிறிதாக எடுத்துச் சேர்த்த இயேசுநாதரின் வாழ்வும் பாடுகளும். முக்கால் மணி நேரம் ஓடும். “ஜூபிலிக்கு வேறு படம் கிடைக்கவில்லையா, சாமி?” என்றார்கள் வாலிபர் சங்கத்தார். கேட்க வேண்டிய கேள்விதான்.

இத்தகைய படத்துக்கும் நம் ஊருக்கும் பழைய உறவு உண்டு. 1905இல் திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் டிராப்ட்ஸ்மனாக இருந்தவர் சாமிக்கண்ணு வின்சென்ட். நோயுற்றிருந்த டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் சில சுருள்களையும் அவர் விலைக்கு வாங்கினார். 2,000 ரூபாய்க்குக் குறையாத விலை. அக்காலத்தில் அது ஒரு குடும்பத்தின் ஆஸ்தி! அந்தச் சுருள்களில் ஒன்று இயேசுநாதரின் வாழ்க்கை. உத்தியோகத்தை விட்டுக் கூடாரத்தோடு புறப்பட்டவர் வடக்கே பெஷாவர் வரை போனார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் கொட்டகையைக் கட்டினார்.

பம்பாயிலும் ஒருவர் கிறிஸ்துவின் வாழ்க்கைப் படமொன்றைப் பார்த்து, நம் கண்ணனையும் இராமனையும் இப்படித் திரையில் காட்டலாகாதா என்று ஏங்கினார். அவர்தான் பால்கே. 1913இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’ வந்தது.

சரி, சிரிப்பு வருமே என்கிறீர்கள். வரும். அக்காலத்தில் கருவியைக் கையால் சுற்றினார்கள்; நொடிக்கு ஏறக்குறைய 16 படங்கள். அதையே 24 வேகத்தில் ஓட்டினால் யூதாசும் ஓடுவான், யோவானும் ஓடுவார். குற்றம் ஓட்டுகிறவருடையது. இன்று வேகத்தைக் குறைத்தே காட்டச் சொல்லியிருக்கிறோம்.

அடுத்து, கேமரா பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். பின்னால் தெரியும் மலையும் மாளிகையும் வர்ணம் தீட்டிய திரைச்சீலைகளே. ஒரு காட்சி முடிந்ததும் அடுத்தது. கதையைத் தொடர்ந்து சொல்லமாட்டார்கள். இது நமக்குப் புதிதா? தவக்கால வெள்ளிதோறும் பதினான்கு ஸ்தலங்களில் நின்று நின்று நாம் செய்வது இதுதானே! ஒவ்வொரு காட்சியையும் ஒரு ஸ்தலமாகப் பாருங்கள், அவசரம் நீங்கிவிடும். வெரோனிக்கா துகிலை விரித்துக் காட்டும்போது கேமராவும் அருகில் வந்துவிடுகிறது. ஆறாம் ஸ்தலத்தில் நாமும் அப்படித்தான் சற்றுக் கூடுதலாக நிற்கிறோம்.

கையும் முகமும் பேசுவதைக் கூர்ந்து நோக்குங்கள். காவிரிக்கு அக்கரையில், ஸ்ரீரங்கத்தில், வைகுண்ட ஏகாதசிக் காலத்தில் அரையர்கள் பாசுரத்தின் பொருளை அபிநயத்தால் காட்டுவதைப் பலர் அறிவீர்கள். பாஸ்கா நடக்கும் ஊர்களில் பிறந்தவர்களுக்கும் சொல்ல வேண்டியதில்லை. கைச்சாடையைப் படிக்கும் கண் இந்தச் சீமையில் எல்லாருக்கும் உண்டு. பேசும் படம் வந்தபின் அதைக் கொஞ்சம் தூங்கவிட்டோம், அவ்வளவே.

1995இல் சினிமாவின் நூற்றாண்டையொட்டி வத்திக்கான் வெளியிட்ட 45 படங்களின் பட்டியலில் இதற்கும் இடம் உண்டு. ஆனால் நாம் இதைத் தேர்ந்ததற்குக் காரணம் அதுவல்ல. நம் பங்கில் காது கேளாத சிலர் இருக்கிறார்கள். பாட்டும் கேட்காமல், நம் பிரசங்கமும் எட்டாமல் (இதை அவர்கள் பாக்கியம் என்று சொல்வாரும் உண்டு), ஞாயிறு தவறாமல் கடைசி ஆசீர்வாதம் வரை அமர்ந்திருக்கிறார்கள். பங்கு விழாக்களில் நாம் நடத்தும் எதுவும் அவர்களுக்குப் பாதிதான் சேர்கிறது. இன்று அவர்கள் காண்பதும் நாம் காண்பதும் ஒன்றே. முன்வரிசை முழுவதும் அவர்களுக்கே விடப்பட்டிருக்கிறது. அவர்களுடைய கைகள் பேசிக்கொண்டால் யாரும் அடக்க வேண்டாம்.

ஆர்மோனியம் மட்டும் மெல்ல ஒலிக்கும். கைபேசிகளை அணைத்துவிடுங்கள். உபதேசியாரே, விளக்கையும்.