விருந்தினரை வரவேற்கும் மூன்று விழாக்கள்

வேற்று மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு விடுமுறை என்றால் ஒரே திசைதான் தெரியும். ரயிலேறி ஊருக்குச் செல்வோம், திரும்பி வருவோம். தில்லியிலும் மும்பையிலும் மைசூரிலும் ஆண்டுக்கணக்காகக் குடியிருந்தும், நம்முடன் பணி செய்வோரின் சொந்த ஊர் எப்படியிருக்கும் என்பதை அறியாமலே இருந்துவிடுகிறோம். ஓர் ஊரை அறிவதற்கு அதன் திருவிழாவைவிட நல்ல வாயில் வேறில்லை. சற்றே விசித்திரமான மூன்று சிற்றூர் விழாக்களைப் பற்றி இன்று பேசுவோம்.

தில்லியில் இருப்போர்க்கு எட்டும் தொலைவில் உள்ளது பர்சானா. உத்தரப் பிரதேசத்து மதுரா மாவட்டத்தைச் சேர்ந்தது. இராதையின் ஊர் என்பது மரபு. கண்ணனின் ஊராகிய நந்தகாவ் அதற்கு அருகிலேயே இருக்கிறது. ஹோலிக்குச் சில நாள் முன்னதாக, பால்குன மாத வளர்பிறை நவமியன்று, நந்தகாவ் ஆடவர் தலைப்பாகையும் கேடயமுமாகப் பர்சானாவுக்கு வருகின்றனர். முதலில் குளக்கரையில் தண்டாய் என்னும் குளிர்பானம் கொடுத்து உபசாரம் நடக்கிறது. பிறகு மலைமேல் உள்ள கோயிலில் இரு ஊராரும் அமர்ந்து பாடுகின்றனர். அது முடிந்து தெருவில் இறங்கினால் அடிதான்! பர்சானாப் பெண்கள் நீண்ட தடிகளால் புடைக்க, விருந்தாளிகள் குனிந்து கேடயத்தால் தாங்குகின்றனர். திருப்பி அடிக்க அவர்களுக்கு உரிமை இல்லை. மறுநாள் பர்சானா ஆடவர் நந்தகாவ் சென்று அதே மரியாதையைப் பெற்று மீள்கின்றனர். ஆனால் கூட்டத்தில் வெளியூரார் சிலர் விழாவைச் சாக்காக்கிப் பெண்களிடம் முறைகேடாக நடப்பதுண்டு. ஆகையால் குடும்பத்துடன் செல்வோர், உள்ளூர் அன்பர் ஒருவரின் வீட்டு மாடியிலிருந்து காண்பதே நலம்.

மும்பையில் உள்ளோர் ஜூன் 24 அன்று கோவாவுக்குச் செல்லலாம். கொங்கண் ரயிலில் திவிம் நிலையத்தில் இறங்கினால் சியோலிம் என்னும் ஊர் தொலைவில்லை. அன்று புனித யோவானின் திருநாள். கருவுற்றிருந்த எலிசபெத்தைக் காண மரியாள் வந்தபோது, வயிற்றிலிருந்த குழந்தை யோவான் மகிழ்ந்து துள்ளியதாக விவிலியம் கூறுகிறது. அந்தத் துள்ளலை நினைவுகூர்ந்து, தலையில் இலையும் பூவும் சூடிய இளைஞர்கள் பருவமழையால் நிரம்பிய கிணறுகளில் குதிக்கின்றனர். சியோலிமில் அலங்கரித்த படகுகளும் வருகின்றன. புதிதாக மணமான மாப்பிள்ளைகளை மாமியார் வீட்டில் அழைத்து விருந்திடும் நாளும் இதுவே. தலைதீபாவளி கொண்டாடிய நமக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? நீச்சல் அறியாதவர் கரையில் நின்றே களிக்கட்டும். பெனி அருந்தியவரும் அவ்வாறே நிற்பது உயிருக்கு நல்லது.

மூன்றாவது, மைசூர் அன்பர்களுக்குச் சாமராஜநகர் வழியாக எளிதில் எட்டும் கும்டாபுரம். தமிழ்நாட்டு எல்லைக்குள், ஈரோடு மாவட்டத்துத் தாளவாடிப் பகுதியில் இருப்பினும், இவ்வூரார் வீட்டில் பேசும் மொழி கன்னடமே. தீபாவளியை அடுத்து இங்கே சாணியடித் திருவிழா நடைபெறுகிறது. மாடு வளர்ப்போர் வீடுதோறும் சேர்த்த சாணம் பீரேஸ்வரர் கோயிலருகே குவிக்கப்பட்டுப் பூசை நடக்கிறது. கழுதை ஊர்வலமும் உண்டு. பின்னர் ஆடவரும் சிறுவரும் சாணத்தை உருட்டி ஒருவர்மேல் ஒருவர் எறிந்து மகிழ்கின்றனர். முடிவில் அந்தச் சாணம் வயல்களுக்கு எருவாகப் போகிறது. 1956-இல் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோதும், எல்லைக்கோடு எல்லா வீடுகளையும் மொழிப்படி பிரித்துவிடவில்லை என்பதற்கு இவ்வூர் ஒரு சான்று. அயல்மொழி நடுவே நாம் வாழ்வது போலவே, நம் மொழியின் நடுவே அவர்கள் வாழ்கின்றனர்.

சாணத்தை எறிவதா என்று முகம் சுளிப்போரும் நம்மிடையே இருக்கக்கூடும். நம் உணவையும் பேச்சையும் பிறர் நகைத்தபோது நம் மனம் என்ன பாடுபட்டது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். படம்பிடித்து ஊருக்கெல்லாம் காட்டிச் சிரிப்பதற்காகச் செல்வதானால் செல்லாதிருப்பதே மேல்.

இம்மூன்று விழாக்களிலும் பொதுவாக உள்ளது ஒன்று. பர்சானாவில் அயலூரார்க்கு இடமுண்டு. சியோலிமில் வேறு வீட்டிலிருந்து வந்த மாப்பிள்ளைக்கு இடமுண்டு. கும்டாபுரத்தில் வேற்றுமொழி பேசுவோர்க்கு நம் மண்ணிலேயே இடமுண்டு. குடியேறி வாழும் நமக்கு இதைவிட வேண்டிய பாடம் எது? அடுத்த விழாக்காலத்தில், பக்கத்து மேசைக்காரரிடம், "உங்கள் ஊரில் என்ன விசேஷம்?" என்று கேட்டுப் பார்ப்போம். கேட்டவுடன் அழைப்பும் வரும். நம் குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்வோம். அவர்கள் வளரும் மாநிலம் அவர்களுக்கும் ஊராகட்டும்.