எஸ்டேட் என்னும் சொல்

(கந்தப்பளையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாம் நாள்தோறும் வழங்கும் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேச விழைகின்றேன். அதுதான் ‘எஸ்டேட்’. நமக்கு எஸ்டேட் என்றால் தேயிலை மலை, லயம், துரை பங்களா. ஆங்கிலத்திலோ அதற்குப் பொருள் பல.

இலத்தீன் மொழியிலே ‘ஸ்டேட்டஸ்’ என்றொரு சொல் உண்டு. நிற்றல் என்னும் வினையிற் பிறந்தது. நிற்கும் நிலை என்பது பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற் புகுந்து ‘எஸ்டேட்’ ஆயிற்று. மனிதனின் நிலையையும், சமுதாயத்தில் அவன் வகித்த படியையும் அது குறித்தது. 1789-இல் பிரெஞ்சு மன்னன் கூட்டிய பேரவையில் அமர்ந்த மதகுருமார், பிரபுக்கள், பொதுமக்கள் ஆகிய முப்பிரிவினரும் மூன்று ‘எஸ்டேட்’டுகளே. சட்டத்திலே நிலத்தின்மீது ஒருவனுக்குள்ள உரிமை எஸ்டேட். மாண்டவன் விட்டுச்சென்ற உடைமையும் எஸ்டேட். பெருந்தோட்டம் என்னும் பொருள் பின்னாளில் வந்து சேர்ந்தது.

அரசைக் குறிக்கும் ‘ஸ்டேட்’டும் இதே தாய் வயிற்றுப் பிள்ளைதான். ஆனால் இத்தீவிலே நடந்ததென்ன? 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் எழுவரைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பிய மக்களுட் பெரும்பாலோர், 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கச் சட்டத்தால் குடியுரிமையையும், மறு ஆண்டுச் சட்டத்தால் வாக்குரிமையையும் இழந்தனர். எஸ்டேட் இருந்தது, ஸ்டேட் இல்லை! 1964 ஒப்பந்தமோ, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என மக்களைப் பங்கு பிரித்தது. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோருக்கும் குடியுரிமை வழங்கியது.

ஸ்டேட் கிடைத்தது, நிலத்தில் நிலை கிடைத்ததா? 1987-ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம், சபை நிதியைத் தோட்டங்களிற் செலவிடத் தடையாய் நின்றது. அதைத் திருத்த 2018 வரை காத்திருந்தோம். தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த லயக் காம்பராவுக்குப் பெரும்பாலான குடும்பங்களிடம் இன்றும் உறுதி இல்லை. உறுதி இல்லாத நிலத்தை வங்கி ஈடாக ஏற்குமா? இங்கே கிழங்கும் கரட்டும் பயிரிடும் விவசாயத் தோழர்கள் இதை நன்கறிவர்.

ஆகவே ஒன்றை வேண்டுகிறேன். வீடென்று ஒரு காகிதம் நீட்டப்படும்போது, அது உறுதியா, வெறும் அனுமதிப் பத்திரமா என்று கேளுங்கள். குடியிருக்க அனுமதி வேறு. பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் உரிமை வேறு. கற்றோர் அக்காகிதத்தை வாசித்துப் பொருள் சொல்லுங்கள். நிற்கும் நிலை என்பதே அச்சொல்லின் முதற்பொருள். அந்நிலையை நம் மக்கள் பெறும்வரை ஓயோம்!