ஏடு இருக்குமிடம் சொல்லும் ஊடகம்



இணையத்தளம் நடத்துவோர்க்கும் தகவல் தேடுவோர்க்கும் சமூக ஊடகத்தால் விளையும் பயன் யாது என்பது எனக்குத் தரப்பெற்ற பொருள். தாமிரபரணிக் கரையில் முன்பு நடந்த நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டே இதனை விளக்க விழைகிறேன்.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தார். அதற்கெனச் சுவடி தேடி நெல்லைச் சீமைக்கு வந்தவர், ஆழ்வார்திருநகரியில் இலட்சுமணக் கவிராயர் இல்லத்து ஏடுகளை ஆராய்ந்தார். தேடியது அங்கில்லை. பின்னர் அக்கவிராயரின் மாமனாரான தேவர்பிரான் கவிராயர் வசமிருந்த ஏடுகளில் அது கிடைத்தது. ஏடு அழியவில்லை, அவ்வூரிலேயே இருந்தது. இருக்குமிடம் சொல்ல ஓர் உறவு வேண்டியிருந்தது, அவ்வளவே.

இன்று இணையத்தளம் ஏட்டுப்பெட்டி என்றால், சமூக ஊடகம் அந்த உறவு. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டமும், ஈழத்து நூல்களைத் திரட்ட 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் எண்ணற்ற நூல்களைக் கட்டணமின்றி வழங்குகின்றன. எனினும், தேடுபொறி நூற்பெயர் அறிந்தவர்க்கே எளிதில் உதவும். பெயரறியாத மாணவி ஒருத்தி, 'குற்றாலத்தைப் பாடிய நூல்கள் எவை?' என முகநூலில் கேட்டால், அறிந்தவர் ஒருவர் திரிகூடராசப்பக் கவிராயர் பெயரைச் சொல்லி, நூல் உள்ள தளத்தின் இணைப்பையும் தருவார். மாணவிக்கு நூல் கிட்டும். தளம் நடத்துவோர்க்கு வாசகர் கிட்டுவர். அவ்வாசகரே எழுத்துப்பிழையைச் சுட்டுவர். இல்லாத நூலையும் கேட்பர். தளம் திருந்துவதும் வளர்வதும் இவ்வாறே.

ஆயினும் வழிகாட்டியையே வீடென்று கொள்ளலாகாது. நம் நகரின் ம.தி.தா. இந்துக் கல்லூரிப் பள்ளியில் பயின்ற பாரதியின் பெயரால், அவர் எழுதாத வரிகள் உலவுகின்றன. இணைப்பின்றி வந்த வரியை அச்சுப்பதிப்போடு ஒப்பிட்டபின்னரே ஏற்றல் வேண்டும்.

இன்னொன்று நம்மையே தொடுவது. ஆர்க்குட் 2014இலும், பொதுமக்களுக்கான கூகுள் பிளஸ் 2019இலும் மூடப்பெற்றன. உரிய காலத்தில் படியெடுத்து வைக்காதவர்கள் அங்கு எழுதியவற்றை இழந்தனர். நம் கவிஞர் பலர் தம் கவிதைகளை வாட்சப் குழுவில் மட்டுமே இடுகின்றனர். அங்குத் தேடுபொறி நுழையாது. காலை வணக்கங்களுக்கிடையே கவிதை புதையும். கைபேசி பழுதானால் அதுவும் போகக்கூடும். பத்தாண்டுக் கவிதைகளை நாமே கறையானுக்குக் கொடுப்பதற்கு இது ஒப்பாகும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். கவிதையை முதலில் ஓர் இணையத்தளத்தில், பெயரும் நாளும் குறித்து வையுங்கள். ஒரு படியைத் தனியே காத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதன் இணைப்பை முகநூலிலும் வாட்சப்பிலும் பகிருங்கள். ஒருவர் ஐயம் கேட்டால் விடையோடு, அது இருக்குமிடத்தையும் சொல்லுங்கள். நமக்குப் பின் தேடிவரும் ஒருவர் ஊர் ஊராக அலையாமல் நம் கவிதையைக் கண்டடைய, நாம் இன்று செய்யத்தக்க பணி இதுவே.