ஒரே கருகல், பல கிருமி



யார் நினைவில் இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு நடக்கிறதோ, அந்த ஆசிரியர் எங்களுக்கு முதல் பாடத்தை வயல்வரப்பில் எடுத்தார். கருகிய நெல்லிலையைக் கிள்ளி, வெட்டிய முனையைத் தண்ணீர்த் தம்ளருக்குள் பிடித்துக் காட்டினார். சற்று நேரத்தில் பால்போல ஓர் இழை கீழே இறங்கியது. பூஞ்சை நோயென்றால் அந்த இழை வராது. பாக்டீரியா இலைக்கருகலுக்கு வரும். அந்த இழையில் இருப்பவை எல்லாம் ஒரே கிருமியா என்று அன்று நாங்கள் கேட்கவில்லை. அதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

இந்நோயை 1884-இல் ஜப்பானின் ஃபுகுவோக்கா உழவர்கள் கண்டார்கள். சாந்தோமோனாஸ் ஒரைசே என்ற இக்கிருமி இலை விளிம்பின் நீர்த்துளைகள் வழியாகவும் காயங்கள் வழியாகவும் நுழைந்து, நீர் ஏறும் குழாய்களில் குடியேறுகிறது. நாற்றின் நுனியைக் கிள்ளி நடாதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.

பிலிப்பைன்ஸின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1969-இல் வெளியிட்ட ஐ.ஆர்.20 நம்மூரிலும் நன்கு விளைந்த ரகம். அதற்குள் எக்ஸ்.ஏ.4 என்ற எதிர்ப்பு மரபணு இருந்தது. அம்மரபணு உள்ள ரகங்கள் பிலிப்பைன்ஸில் பரவலானதும், அதற்கு அடங்காத கிருமி வகை பெருகிவிட்டது. மரபணு தோற்றது என்பார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனமில்லை. மரபணு அப்படியே இருந்தது, வயலில் இருந்த கிருமிக் கூட்டம்தான் மாறியது.

எப்படி மாறுகிறது? 2008-இல் வெளியான பிலிப்பைன்ஸ் கிருமி வகையொன்றின் மரபுத்தொகுதியில் ஏறத்தாழ 52 லட்சம் எழுத்துகள். இடம்விட்டு இடம் தாவும் துண்டுகள் அதில் ஏராளம். கிருமி நெல்லுக்குள் செலுத்தும் டால் எனப்படும் புரதங்களுக்கான மரபணுக்கள் மட்டும் 19. ஒவ்வொரு டாலும் மணிகளைக் கோத்த மாலை மாதிரி. மணிகளின் எண்ணிக்கையும் வரிசையும்தான் நெல்லின் எந்த மரபணுவைப் போய்த் தட்டும் என்பதை முடிவு செய்கின்றன. இந்தக் குறியீட்டை 2009-இல் அவிழ்த்தார்கள். மணி ஒன்று கூடினால், குறைந்தால், இலக்கே மாறலாம். ஆப்பிரிக்க வகைகளோ தனிக்கிளை. அவற்றில் டால்கள் குறைவு.

இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த கதை வருகிறது. ஒரு டால், நெல்லின் சர்க்கரை மதகு ஒன்றைத் திறந்துவிட்டுக் கிருமிக்குச் சோறு போடுகிறது. எக்ஸ்.ஏ.7 என்ற எதிர்ப்பு மரபணு உள்ள நெல்லில் அதே டால் அபாய மணியையும் அடித்துவிடுகிறது. தப்பிக்க அந்த டாலைக் கிருமி மாற்றினால், நோய் உண்டாக்கும் வலிமை குன்றுகிறது. பிலிப்பைன்ஸ் வயல்களில் எக்ஸ்.ஏ.7 பல ஆண்டு தாக்குப்பிடித்ததற்கு இது ஒரு காரணம். வெப்பம் கூடினால் அது மேலும் நன்றாக வேலை செய்கிறது என்றும் 2010-இல் கண்டார்கள். நம் கோடையை நினைத்தால் ஆறுதலான செய்தி.

ஆகவே, எதிர்ப்பு மரபணுவைத் தேடுமுன் கிருமியால் எதை இழக்க முடியாது என்று பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. பல மரபணுக்களைச் சேர்த்து வைப்பது இன்னொரு வழி: ஹைதராபாத்தின் இரு நிறுவனங்கள் சேர்ந்து 2008-இல் தந்த மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரியில் மூன்று எதிர்ப்பு மரபணுக்கள் ஒன்றாக உள்ளன. மூன்றையும் ஒருசேர மீறுவது கிருமிக்கு எளிதல்ல. ஆனால் எந்த மூன்று எந்த வட்டாரத்துக்கு என்பதை அந்தந்த ஊர்க் கிருமியைப் பார்த்தே சொல்ல முடியும்.

அதற்கு எங்களுக்கு இலை வேண்டும். கருகல் கண்ட இலையைப் பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள், வியர்த்து அழுகிவிடும். காகித உறையில் இட்டு, ரகம், ஊர், பறித்த தேதி எழுதி அனுப்புங்கள்.