பதின்மூன்று துண்டுத் துணியில் ஒரு மதுரை

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், 'ஓய்வுக்குப் பின்' வரிசையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது சீனியர் சிட்டிசன் டெபாசிட், நாமினேஷன் என்று ஏதாவது பேசச் சொல்வார் என நினைத்தேன். "அதெல்லாம் வேண்டாம் சார், உங்க வீட்டு சோபாவுல கிடக்கே ஒரு போர்வை, அதைப் பத்திப் பேசுங்க" என்றார். கையோடு கொண்டு வந்திருக்கிறேன். முன் வரிசையில் இருப்பவர்கள் தொட்டுப் பார்த்துவிட்டுப் பின்னால் அனுப்புங்கள்.

துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் இந்தப் போர்வையை குயில்ட் என்கிறார்கள். இதைத் தைத்த முறைக்கு ஃபவுண்டேஷன் பேப்பர் பீசிங் என்று பெயர். மெல்லிய காகிதத்தில் கோடு போட்டு, துணியை அதன்மேல் வைத்து, காகிதத்தோடு சேர்த்து அந்தக் கோட்டின் மேலேயே தைத்து, கடைசியில் காகிதத்தைக் கிழித்து எடுத்துவிட வேண்டும். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இதற்குத் தையல்காரர் கை தேவையில்லை, எண் வரிசைப்படி போகும் பொறுமை போதும். வேலைக்காலம் முழுவதும் லெட்ஜரோடும் கவுண்டரோடும் இருந்த ஒரு பி.காம். பட்டதாரிக்கு இது கைகூடியிருக்கிறது என்றால், இங்கே இருக்கும் எல்லோருக்கும் கைகூடும்.

இந்த வயதில் இந்த வேலை எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் அம்மா காலமானபோது கணக்கு வழக்கெல்லாம் சீக்கிரமே முடிந்தது. டெபாசிட்டுக்கு நாமினி இருந்தது. நகையை மூன்று பிள்ளைகளும் உட்கார்ந்து பிரித்துக்கொண்டோம். பீரோவில் இருந்த 11 சுங்குடிச் சேலைகள்தான் பாக்கி. முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றாள் தங்கச்சி. அம்மா கட்டியதை வெளியே கொடுக்கவே கூடாது என்றான் தம்பி. பதினொன்றை மூன்றால் வகுத்தால் மீதி வரும், அதுகூடப் பரவாயில்லை. அரக்குக் கலரில் ஒரு சேலை, அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் கட்டியது. அது யாருக்கு என்பதில் இருவரும் ஒரு மாதம் பேசிக்கொள்ளவில்லை. நாமினி போட முடியாத சொத்து என்று ஒன்று உண்டு என்பதை அப்போதுதான் பார்த்தேன். மூன்று போர்வை தைப்பது, ஒவ்வொன்றிலும் 11 சேலையும் இருப்பது என்று முடிவு செய்தேன். இருவரும் சரி என்றார்கள். "தைக்கிறது யாரு?" என்று என் மனைவி கேட்டார். அதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

சுங்குடியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சௌராஷ்டிர மக்கள் இந்த ஊரில் வளர்த்த தொழில். துணியைக் கிள்ளி, நூலால் முடிந்து, சாயத்தில் முக்கி எடுத்தால் முடிச்சு இருந்த இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். 2005-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்போது கடைகளில் வருவதில் பெரும்பாலும் அச்சுப் போட்டவைதான். எப்படியிருந்தாலும் பருத்தி. பருத்தி வழுக்காது, இஸ்திரி போட்டால் மடிப்பு அப்படியே நிற்கும். துண்டுத் துணி வேலைக்கு இந்த இரண்டு குணமும் முக்கியம்.

காகிதம் எதற்கு என்பதைக் கணக்காகச் சொல்கிறேன். இந்தப் போர்வையில் ஒவ்வொரு கட்டமும் 6 இன்ச் சதுரம். ஒரு கட்டத்தின் குறுக்கே 6 தையல் வருகிறது. தையலுக்கு ஒரு இன்ச்சில் பதினாறில் ஒரு பங்கு குறைந்தால், கட்டம் முக்கால் அரைக்கால் அல்ல, சரியாக 3/8 இன்ச் குறையும். நீளவாக்கில் 8 கட்டங்கள். 48 இன்ச் வரவேண்டிய போர்வை 45 இன்ச்சில் நிற்கும். அதைவிட மோசம், எல்லாக் கட்டமும் ஒரே அளவில் குறையாது. ஒன்றோடு ஒன்று பொருந்தாமல் கோணிக்கொண்டு போகும். நல்ல தையல்காரர் கண்ணாலேயே சரிக்கட்டிவிடுவார். நமக்கு அந்தக் கண் கிடையாது. காகிதத்தில் கோடு இருந்தால் ஊசி அந்தக் கோட்டில் போகிறதா என்று பார்ப்பது மட்டுமே நம் வேலை. துணியைக் கொஞ்சம் கோணலாக வெட்டியிருந்தாலும் கட்டம் நேராகவே வரும்.

இனி டிசைன். வெளிநாட்டில் இதற்கு லாக் கேபின் என்று பெயர், மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய குடிசை. அமெரிக்காவில் 1860-களில் பரவலான டிசைன் இது. நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள். இதை முதன்முதலில் படத்தில் பார்த்தபோது எனக்கு மரக்குடிசை தெரியவில்லை, மதுரை தெரிந்தது. நடுச் சதுரம் மீனாட்சி அம்மன் கோயில். முதல் சுற்று சித்திரை வீதி, இரண்டாவது சுற்று ஆவணி மூல வீதி, மூன்றாவது சுற்று மாசி வீதி. சுற்றுக்கு நான்கு பட்டைகள், கீழ, தெற்கு, மேல, வடக்கு. ஆக 12 பட்டைகளும் நடுச் சதுரமும் சேர்த்து 13 துண்டுகள். பிரதட்சணமாகவே தைத்துப் போகலாம்.

அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். நடுச் சதுரம் ஒன்றரை இன்ச். ஒவ்வொரு வீதியும் முக்கால் இன்ச் அகலம். மூன்று வீதி, இரண்டு பக்கம், நாலரை இன்ச். நடுவில் ஒன்றரை. மொத்தம் 6. நடுத்துண்டை இரண்டரை இன்ச் சதுரமாகவும், பட்டைகளை ஒன்றரை இன்ச் அகலமாகவும் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு கட்டத்துக்குச் சுமார் 60 இன்ச் பட்டை பிடிக்கும். என் மூன்று போர்வைக்கு 144 கட்டங்கள், 1,872 துண்டுகள். எண்ணிக்கையைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். துணிக்கணக்குப் பார்த்தால் ஒன்றரைச் சேலைக்குள் அடங்கிவிடும். பழஞ்சேலையில் நைந்த இடங்களை ஒதுக்கிவிட்டு நல்ல இடத்தை மட்டும் எடுப்பதால் கூடுதல் சேலை இருப்பது நல்லது.

காகிதம் மெல்லியதாக இருக்க வேண்டும். டைப் அடிக்கும் காலத்தில் கார்பனுக்குக் கீழே வைப்போமே, அந்தத் தாள் மாதிரி. செய்தித்தாள் ஆகாது, மை துணியில் ஒட்டும். பிரிண்ட் எடுத்தால் அளவு சுருங்காமல் வந்திருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. தைப்பது கோடு உள்ள பக்கம், துணி இருப்பது மறுபக்கம். அதனால் துணியில் தெரிவது கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறியிருக்கும். காகிதத்தில் கீழ வீதியை இடது கைப்பக்கம் எழுதினால்தான் துணியில் அது வலது கைப்பக்கம் வரும்.

தைக்கும் முறை இது. நடுத்துண்டை, நல்ல பக்கம் வெளியே தெரியும்படி, காகிதத்தின் கோடில்லாத பக்கத்தில் வைத்து ஒரு பொட்டு பசை தடவி ஒட்டுங்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஒன்றாம் எண் கட்டத்தைத் துணி எல்லாப் பக்கமும் கால் இன்ச் தாண்டி மூடியிருப்பது தெரியவேண்டும். இரண்டாவது துண்டை அதன் மேலே, நல்ல பக்கமும் நல்ல பக்கமும் பார்த்துக்கொள்ளும்படி வையுங்கள். அப்படியே காகிதத்தைத் திருப்பி, ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் உள்ள கோட்டின் மேல் தையுங்கள். கோட்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று தையல் அதிகமாகப் போகட்டும். பிறகு காகிதத்தை அந்தக் கோட்டில் மடித்து, தையலுக்கு வெளியே கால் இன்ச் விட்டு மிச்சத்தை வெட்டிவிடுங்கள். காகிதத்தை நிமிர்த்தி, இரண்டாம் துண்டை விரித்து, தண்ணீர் தெளிக்காமல் இஸ்திரி போடுங்கள். அவ்வளவுதான். மூன்றாம் துண்டு, நான்காம் துண்டு என்று பதின்மூன்று வரை இதே வேலை. வைத்தல், தைத்தல், மடித்தல், வெட்டுதல், விரித்தல். வவுச்சரைப் பார்த்து லெட்ஜரில் ஏற்றுகிற மாதிரி, ஒரு எண்ணைத் தாண்டி அடுத்த எண்ணுக்குப் போகக்கூடாது.

தையல் நெருக்கமாக இருக்க வேண்டும், இன்ச்சுக்கு 15 முதல் 18 வரை. 14 அல்லது 16-ஆம் நம்பர் ஊசி போதும். நெருக்கமாகத் தைத்தால் காகிதத்தில் வரிசையாக ஓட்டை விழும். பிறகு கிழிக்கும்போது புத்தகத்திலிருந்து செக் லீஃபைக் கிழிப்பதுபோல் சுலபமாக வரும். ஆனால் அவசரப்பட்டுக் கிழித்துவிடாதீர்கள். கட்டத்தைச் சுற்றிக் கால் இன்ச் விட்டு வெட்டி, பக்கத்துக் கட்டங்களோடு இணைத்த பிறகுதான் காகிதம் வெளியே வரவேண்டும். அதுவரை துணி இழுபடாமல் பிடித்துக்கொண்டிருப்பது காகிதம்தான்.

நிறத்துக்கு ஒரு யோசனை. கீழ வீதிக்கும் தெற்கு வீதிக்கும் வெளிர் நிறம், மேல வீதிக்கும் வடக்கு வீதிக்கும் அடர் நிறம் என்று வைத்துக்கொண்டால், கட்டம் குறுக்குவாக்கில் பாதி வெயில், பாதி நிழல் ஆகிவிடும். தைத்து முடித்த கட்டங்களைத் தரையில் பரப்பித் திருப்பித் திருப்பி வைத்துப் பாருங்கள். வைரம் வரும், படிக்கட்டு வரும், மின்னல் வரும். எங்கள் வீட்டில் இந்த வேலையை மட்டும் எல்லோரும் வந்து செய்தார்கள். சாயம் போகுமா என்ற சந்தேகம் இருந்தால் நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

மேல் துணி தயாரானதும் நடுவில் ஒரு அடுக்கு, அடியில் ஒரு அடுக்கு. நம் ஊர் வெயிலுக்கு நடுவில் பழைய பருத்தி பெட்ஷீட், அடியில் அப்பாவின் வேட்டி போதும். இலவம்பஞ்சு வேண்டாம், ஒரு மூலையில் போய்க் கட்டிக்கொள்ளும். மூன்று அடுக்கையும் சேர்த்துக் கையால் ஓட்டுத் தையல் போட்டு, சுற்றிலும் ஓரப்பட்டி தைத்துவிட்டால் போர்வை தயார். கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்த இடத்தில்தான் நம் வெளி வீதிகள் உண்டாயின. எனக்கு ஓரப்பட்டிதான் வெளி வீதி.

துணித்துண்டுகளை இணைத்து அழகு பார்ப்பது நமக்குப் புதிதில்லை. சித்திரைத் திருவிழாவில் தேர் மாசி வீதியில் வரும்போது அதில் தொங்கும் தொம்பைகளைப் பாருங்கள். வண்ணத் துணியை வெட்டி, துணி மேல் வைத்துத் தைத்தவை. திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்த தையல்காரர்கள் அழகர் திருவிழா வேடத்துக்கான உடுப்புகளைத் தைத்ததை நாம் பார்த்திருக்கிறோம். இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. வங்காளத்தில் பழஞ்சேலைகளை அடுக்கிக் காந்தா தைக்கிறார்கள். கர்நாடகத்தில் சித்தி இனப் பெண்கள் கவந்தி என்ற போர்வையை ஓரத்தில் ஆரம்பித்து நடுவை நோக்கித் தைத்து முடிக்கிறார்கள். நாம் தைப்பது நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்குப் போகிறது. 2019-ல் சென்னையில் இந்தியா குயில்ட் ஃபெஸ்டிவல் என்றே ஒரு கண்காட்சி நடந்தது.

எனக்கு ஒரு கட்டம் தைக்க முதலில் ஒன்றரை மணி நேரம் ஆனது. பழகிய பிறகு அரை மணிக்குள் முடிந்தது. எந்தச் சேலை எந்தப் போர்வையில் எத்தனை துண்டு என்று ஒரு நோட்டில் பத்தி பிரித்து எழுதி வைத்தேன், மூன்று பக்கமும் டேலி ஆகவேண்டும் அல்லவா? அரக்குச் சேலையை மட்டும் பட்டையாக வெட்டவில்லை. 144 கட்டங்களிலும் நடுச் சதுரம் அதுதான். யாருக்கு என்ற கேள்விக்கே இடமில்லாமல் போய்விட்டது. தங்கச்சி வீட்டில் அவள் பேத்தியை அதன் மேல்தான் படுக்கப் போடுகிறார்கள். தம்பி பெங்களூரில் இருக்கிறான். போர்வை போய்ச் சேர்ந்த அன்று எனக்குப் பேசாமல் தங்கச்சிக்கு முதலில் பேசியிருக்கிறான். பச்சையில் மாம்பழக் கலர் கரை போட்ட சேலை அம்மா எந்தக் கல்யாணத்துக்கு எடுத்தது என்று இரண்டு பேரும் அரை மணி நேரம் வாதாடினார்களாம்.

நம் குடியிருப்பிலும் எல்லா வீட்டு பீரோவிலும் இப்படி ஒரு கட்டு இருக்கும். கட்டவும் மாட்டோம், கொடுக்கவும் மனசு வராது. குழந்தை போட்ட சட்டையாக இருக்கலாம், அப்பாவின் சட்டையாக இருக்கலாம். அதை வெளியே எடுங்கள். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை மாலை 4 மணிக்குச் சங்க ஹாலில் ஒரு கட்டம் தைத்துக் காட்டுகிறேன். மூன்று தையல் மிஷின் ஏற்பாடாகியிருக்கிறது. கோடு போட்ட காகிதம் ஆளுக்கு இரண்டு நான் தருகிறேன். நீங்கள் துவைத்து இஸ்திரி போட்ட பருத்தித் துணி, கத்தரிக்கோல், ஸ்கேல், நூல்கண்டு இவற்றோடு வாருங்கள். ஆண்களும் வரவேண்டும், "எனக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது" என்பதைக் காரணமாக ஏற்றுக்கொள்ள மாட்டேன். கோத்துக் கொடுக்க நான் இருக்கிறேன்.

பின் வரிசையில் இருப்பவர்கள் போர்வையை முன்னால் அனுப்பிவிடுங்கள்.