சிறைவாயிலும் வீட்டுவாயிலும்
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"இளைஞரைத் தீநெறி செல்லாமற் காத்தலிற் குடும்பத்திற்கும் சமூகத்திற்கும் உள்ள கடமை" என்னும் பொருளை விழாக் குழுவினர் எனக்கு அளித்தனர். இதனைப் பற்றி நீதி நூல்களினின்று மேற்கோள்களை அடுக்கிப் பேசுதல் எனக்கு எளிது. கேட்டல் உங்களுக்கு எளிது. வீடு சென்றதும் மறத்தல் அதனினும் எளிது. ஆதலின் யான் அவ்வழிச் செல்லாது, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழும் கறுப்பின மக்கள் தம் பிள்ளைகளைச் சிறையினின்று காத்துக்கொள்ளச் செய்த முயற்சிகள் சிலவற்றை எடுத்துரைக்கத் துணிந்தேன். கைப்பொருள் மிகவில்லாத மக்கள் சங்கங்களாகக் கூடிச் செய்தவை அவை. சங்கத்தாராகிய நாம் அவற்றைக் கேட்டல் தகும்.

முதற்கண் அவர்தம் நிலையை அறிதல் வேண்டும். அந்நாட்டு மக்களுள் கறுப்பினத்தார் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேர். சிறையிலிருப்போருள்ளோ ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் அவர்களே. இதற்குக் காரணம் என்னை? அவர்தம் இயல்பே தீது என்று கூறுவாரும் உளர். போதைப்பொருள் உட்கொள்ளும் வழக்கம் வெள்ளையரிடத்தும் கறுப்பரிடத்தும் ஏறத்தாழ ஒத்த அளவினதே என்று அந்நாட்டு அரசாங்கக் கணக்குகளே காட்டுகின்றன. ஆயினும், அதற்காகப் பிடிபடுவோர் தொகை ஒத்ததன்று. 1986-ஆம் ஆண்டுச் சட்டமொன்று, ஏழைத் தெருக்களில் மலிவாய் விலைப்பட்ட 'கிராக்' என்னும் கட்டிக் கொக்கேயினை 5 கிராம் விற்றவனுக்கும், செல்வர் நாடும் தூள் கொக்கேயினை 500 கிராம் விற்றவனுக்கும் ஒரே தண்டனையை வகுத்தது. ஒன்றுக்கு நூறு என்னும் இவ்விகிதத்தை ஒன்றுக்குப் பதினெட்டாகக் குறைக்க 2010 வரையிற் செல்லவேண்டியதாயிற்று. முற்றும் ஒழித்தார்களோவெனின், இல்லை.

இன்னும் பின்னே சென்று நோக்குவோமாயின், 1865-இல் அடிமை முறையை ஒழித்த அரசியற் சட்டத் திருத்தமே, குற்றத்திற்குத் தண்டனையாக வருவதாயின் அடிமை வேலை கூடும் என்று ஒரு விலக்கை வைத்திருத்தல் காணலாம். அவ்விலக்கின் வழியே தென்னாட்டு அரசாங்கத்தார், அற்பக் குற்றங்களுக்கும் கறுப்பரைப் பிடித்துச் சுரங்க முதலாளிகளுக்கும் தோட்டக்காரர்களுக்கும் குத்தகைக்கு விட்டனர். அலபாமா மாகாணத்தில் இக்கொடுமை 1928 வரை நிலவிற்று.

இவையெல்லாம் அறியாதார், "தந்தையர் பொறுப்பற்றவர், அதனாற் பிள்ளைகள் கெட்டனர்" என்று எளிதிற் பழி தூற்றுவர். அந்நாட்டு அரசாங்கச் சுகாதாரப் புள்ளிவிவர நிலையம் 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சியோ, பிள்ளைகளோடு ஒரே வீட்டில் வாழும் கறுப்பினத் தந்தையர், உணவூட்டல், நீராட்டல், பாடம் சொல்லிக்கொடுத்தல் ஆகியவற்றில் ஏனையோர்க்குச் சற்றும் குறைந்தாரல்லர் என்று காட்டிற்று. தந்தை வீட்டில் இல்லாத இடங்களில் அவன் எங்கே உளன் என்றும் வினவுதல் வேண்டுமன்றோ? கறுப்பினக் குழந்தைகளுள் ஒன்பதின்மருள் ஒருவரின் தாயோ தந்தையோ சிறையில் இருந்ததாக 2010-இல் ஒரு கணக்கு வெளியாயிற்று. பிள்ளையைக் காக்கவேண்டியவனையே அடைத்துவிட்டுப் பின்பு குடும்பத்தைப் பழிப்பது என்ன நியாயமோ, அறியேன்.

ஆசிரியத் தொழிலினனாதலின் ஒரு சொல் இடையிற் கூறுகின்றேன். பள்ளியினின்று தாற்காலிகமாக விலக்கப்படும் மாணவருள் கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளையரினும் ஏறத்தாழ மும்மடங்கு விகிதத்தினர். வகுப்பிற் குறும்பு செய்த சிறுவனை ஆசிரியர் கண்டிப்பது போய், பள்ளியிலேயே நிறுத்தப்பட்ட போலீஸ்காரரிடம் ஒப்படைப்பது பல நகரங்களில் வழக்கமாயிற்று. பள்ளியை விட்டுத் துரத்தப்பட்டவன் தெருவிலன்றி வேறெங்கே நிற்பான்? நம் பள்ளிகளிலும் மாணவனை வெளியே நிறுத்தும் வழக்கம் உண்டு. அதனைப் பற்றி வேறொரு நாள் பேசுவேன்.

இனி அம்மக்கள் செய்தவற்றைக் கேளுங்கள். பிலடெல்பியா நகரின் மேற்குப் பகுதியிற் பலாகா பாத்தா என்னும் அம்மையார் தம் கணவர் டேவிட் பாத்தாவுடன் வாழ்ந்தார். 1960-களின் இறுதியில், இளைஞர் கூட்டங்கள் ஒன்றோடொன்று சண்டையிட்டு ஆண்டுதோறும் பல உயிர்கள் மாய்ந்த காலம். அக்கூட்டங்களைப் பற்றி ஆராயும்படி அம்மையார் கணவரைத் தெருவுக்கு அனுப்பினார். தம் சொந்த மகன் ஒருவனே அத்தகைய கூட்டமொன்றிற் சேர்ந்திருந்த செய்தி அப்போது வெளிப்பட்டது.

அச்செய்தி கேட்ட தாய் வேறு யாது செய்வாள்? மகனை அடிப்பாள், அல்லது வெளியூர் உறவினர் வீட்டுக்கு அனுப்புவாள். இவ்வம்மையாரோ மகனை மட்டும் பிரித்தெடுக்க எண்ணிலர். அக்கூட்டத்து இளைஞர் 15 பேரையும் தம் சிறு வீட்டுக்கே வந்து குடியிருக்குமாறு அழைத்தார்! அவர்களும் வந்தனர். வீட்டுக்கு 'உமோஜா' என்று பெயர். சுவாகிலி மொழியில் ஒற்றுமை என்பது பொருள். உண்ண ஓரிடம், உறங்க ஓரிடம், வீட்டு வேலையிற் பங்கு, வீட்டுக்குள் சண்டை கூடாதென்னும் கட்டுப்பாடு: குடும்பம் என்பதன் உறுப்புகள் இவைதாமே? கூட்டத்தில் தேடிய உறவை அப்பிள்ளைகள் வீட்டிற் கண்டனர். பின்னர் அத்தெருவிலேயே வீடுகள் பல சேர்க்கப்பட்டு, நூற்றுக்கணக்கான இளைஞர் ஆண்டாண்டாய்த் தங்கிச் சென்றனர். 1974-இல் அவ்வாண்டு முழுதும் கூட்டச் சண்டை வேண்டாவென்று நகரத்து இளைஞர் கூட்டங்களை உறுதி கொள்ளச் செய்யும் இயக்கமும் அவ்வீட்டினின்றே எழுந்தது. அப்பத்தாண்டின் இறுதிக்குள் அந்நகரிற் கூட்டச் சாவுகள் பெரிதும் அருகின. அது முழுதும் ஒரு வீட்டின் செயலே என்று யான் சொல்லேன். அவ்வீடின்றி நிகழ்ந்திருக்கும் என்றும் சொல்லேன்.

இதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே, அலபாமாவில் மாதர் சங்கத்தார் ஒன்று செய்தனர். அக்காலத்து, திருடிய கறுப்பினச் சிறுவனை முதிர்ந்த கைதிகளோடு அடைப்பர். பெண்கள் இது கண்டு பொறாராய், தம் சங்கங்களின் வாயிலாகப் பொருள் திரட்டி, 1907-இல் மவுண்ட் மெய்க்ஸ் என்னும் ஊரிற் சிறுவர்க்கென ஒரு சீர்திருத்தப் பள்ளியை நிறுவினர். கார்னீலியா போவன் என்னும் ஆசிரியையார் இம்முயற்சியில் முன்னின்றார். வர்ஜீனியாவிலும் ஜேனி போர்ட்டர் பாரெட் என்னும் அம்மையார் மாதர் சங்கங்களின் துணைகொண்டு 1915-இற் சிறுமியர்க்கு ஒரு பள்ளி தொடங்கினார். அங்கே அடித்துத் திருத்துதல் இல்லை.

மவுண்ட் மெய்க்ஸை 1911-இல் அரசாங்கம் ஏற்றது. 1918-இல், சாட்செல் பெய்ஜ் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன், பள்ளிக்குச் செல்லாமைக்கும் கடையில் அற்பப் பொருள் திருடியமைக்கும் அங்கே அனுப்பப்பட்டான். துணி வெளுத்துப் பிழைத்த தாயின் மகன். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அங்கிருந்து பேஸ்பால் ஆட்டத்திற் பந்தெறியும் கலையைப் பயின்றான். அவனே பின்னாளில் அந்நாட்டின் ஒப்பற்ற பந்தெறிவோனாகி, 1971-இல் ஆட்டப் பெரும்புகழோர் மண்டபத்தில் இடம் பெற்றான்.

இவ்விடத்தே கதையை நிறுத்தினால் நன்றாக இருக்கும். ஆனால் உண்மை அவ்விடத்தில் நிற்கவில்லை. 1960-களில் அதே பள்ளி, பிள்ளைகள் வயலில் வதைக்கப்பட்டுப் பிரம்பாலும் தடியாலும் அடிபடும் இடமாக மாறியிருந்தது. 1969-இல் டென்னி அபட் என்னும் நன்னடத்தை அதிகாரி, தாம் சிறுவரை அனுப்பிவந்த அந்நிலையத்தின் மீதே வழக்கிடும் நிலை வந்தது. தாய்மார் திரட்டிய காசில் எழுந்த கட்டடம் அது! பொறுப்பை அரசாங்கத்தினிடம் விட்டது பிழையன்று. என்றும் தாய்மாரே செலவிட முடியுமோ? அரசாங்கத்தாரிடம் கொடுத்தபின், உள்ளே சென்று பார்க்கும் உரிமையும் சங்கத்தார் கையை விட்டகன்றமையே தீங்காயிற்று என்பது என் கருத்து. சங்கத்தின் பெயரால் விடுதி கட்டவேண்டும் என்று ஈண்டுக் காலையிற் பேசிய அன்பர்கள் இதனைக் கருதுவாராக.

இக்காலத்து நிலை ஒருவாறு தேறியுள்ளது. அந்நாட்டில் 2000-இல் ஒரு நாளில் அடைபட்டிருந்த சிறார் ஏறத்தாழ 1,08,000 பேர். 2020-இல் ஏறத்தாழ 25,000 பேர். எனினும், வெள்ளைச் சிறாரை நோக்கக் கறுப்பினச் சிறார் அடைபடும் விகிதம் நான்கு மடங்குக்கு மேலாகவே நிற்கின்றது.

கலிபோர்னியா மாகாணத்துச் சான் ஓசே நகரிற் பல இனத்துக் குடும்பங்கள் கூடி ஒரு புதிய முறை கண்டன. வழக்கறிஞர்க்கு ஒரு கைதியின் பொருட்டுச் செலவிடச் சில நிமிடங்களே உண்டு. ஆதலின் தாயும் தமக்கையும் பாட்டியும் வாரந்தோறும் கூடுகின்றனர். போலீசார் எழுதிய அறிக்கையைத் தாமே படித்து, முரண்பட்ட இடங்களை வழக்கறிஞர்க்குக் காட்டுகின்றனர். பிள்ளையின் படங்கள், பள்ளிச் சான்றுகள், அவனை அறிந்தார் எழுதிய கடிதங்கள் ஆகியவற்றைத் தொகுத்து நீதிபதியின் முன் வைக்கின்றனர். அவன் வழக்கு எண் மட்டும் அல்லன், ஒரு வீட்டின் மகன் என்று நீதிபதி காண்பதற்கே இத்தனையும். இம்முறை பிலடெல்பியா முதலிய நகரங்களுக்கும் பரவிற்று. கூடும் அறையில் ஒரு பலகை உண்டு. சிறைப்பட்டோர் பெயர்களை அதில் எழுதி வைத்திருப்பர். எவன் வீடு திரும்புகின்றானோ அவனே வந்து, அனைவரும் காணத் தன் பெயரைத் தன் கையால் அழிக்கின்றான்.