குத்துச்சண்டை மேடையும் குறைந்த கூட்டமும்

மட்டாஞ்சேரிக் கடைவீதியில் வணிகம் புரியும் தமிழரும், கோட்டைக் கொச்சி வெளியிலுள்ள தோபிகானாவில் தலைமுறையாக உழைக்கும் தமிழரும் 2021-ல் ‘சார்பட்டா பரம்பரை’ திரைப்படத்தைக் கண்டிருப்பர். கூட்டத்தின் ஆரவாரத்தைக் காட்டும் அப்படம் திரையரங்குக்கு வாராமல் இணையவழியே இல்லங்களுக்கு வந்தது. குத்துச்சண்டைக்கு நேர்ந்த கதியும் ஏறத்தாழ இதுவேயாகும்.

வடசென்னையின் இராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் ‘ரோஷமான குத்துச்சண்டை’ என்றால் ஒரு காலத்தில் ஊரே திரளும். துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் பரம்பரைகளாகப் பிரிந்து பயின்று மேடையேறினர். கித்தேரி முத்துவின் பெயர் அங்கே இன்றும் வழங்குகிறது. 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியாடியபோது பெருங்கூட்டம் கூடியது.

அக்கூட்டம் கரைந்தது ஏன்? நுழைவுச்சீட்டு வருவாயே தொழில்முறை வீரருக்கு ஊதியம். பந்தயமும் கட்சிப் பூசலும் புகுந்தபோது அமைதியை விரும்புவோர் விலகினர். அரசுப் பணிக்கு வழிகாட்டியது சங்கங்கள் நடத்திய தொழில்முறை சாராப் போட்டியே. ஆகவே இளைஞரும் அப்பக்கம் திரும்பினர். அமெரிக்காவில் 1950-களில் தொலைக்காட்சி பரவியபோது சிறு மன்றங்கள் வெறிச்சோடின. புகழ்பெற்ற வீரரை வீட்டிலிருந்தே காணலாமெனில், தெருக்கோடி வீரருக்குச் சீட்டு வாங்குவார் யார்? அப்புகழ்பெற்றவரும் தெருக்கோடி மேடையில் தொடங்கியவரே என்பதை நாம் மறந்தோம்.

மேடை மறைந்ததற்கு முழுதும் வருந்த வேண்டுவதில்லை. தலையில் மீண்டும் மீண்டும் விழும் அடி மூளையைக் கெடுக்கும் என்பது மருத்துவம் கண்ட உண்மை. பந்தயக்காரரின் பொருட்டு ஏழை இளைஞன் அடிபடுதல் அறமன்று. ஆயினும் வறியோன் ஒருவன் கட்டுப்பாட்டையும் தன்மதிப்பையும் கற்ற பயிற்சிக்கூடம் அழிவது நட்டமே.

நல்ல வேளையாக அது முற்றும் அழியவில்லை. சென்னை வீரர் தேவராஜன் 1994-ல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் வென்றார். கேரளத்தின் கே. சி. லேகா 2006-ல் உலகச் சாம்பியன் பட்டம் பெற்றார். எனினும், இத்தகையோர் தொடக்கநாளில் ஆடிய மாவட்டப் போட்டிகளைக் காண வருவோர் மிகச் சிலரே.

நேயர்களே! நாம் வாழும் ஊரில் தலைக்கவசம் அணிந்த சிறுவர் மோதும் போட்டி நடந்தால், ஒரு மாலைப்பொழுதேனும் சென்று அமர்வோம். பந்தயம் வேண்டா; கைதட்டல் போதும். காண்போர் இன்றி எவ்விளையாட்டும் நெடுநாள் நில்லாது.